பென் டிரைவில் போவதும் தலையில் போவதும்

2016 டிசம்பரில் வேமோ நிறுவன ஊழியர் ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது லைடார் பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு சப்ளையர். அது அவருக்கு வந்திருக்கவே கூடாத மின்னஞ்சல். பெறுநர் வரிசையில் தவறுதலாக அவர் முகவரியும் சேர்ந்துவிட்டது. இணைப்பைத் திறந்தால் ஒரு சர்க்யூட் போர்டின் வரைபடம். ஊபர் செய்துகொண்டிருந்த லைடாருக்கானது. ஆனால் பார்ப்பதற்கு வேமோவின் சொந்த போர்டைப் போலவே இருந்தது.

லைடார்தான் ஓட்டுநர் இல்லாத காரின் கண். லேசர் கதிர்களைச் சுற்றிலும் வீசும். அவை எதன் மேலாவது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, எதிரே இருப்பது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடும். கூகுளுக்குள் ஒரு திட்டமாகத் தொடங்கி அப்புறம் தனி நிறுவனமான வேமோ, இந்தக் கண்ணைச் செதுக்கவே பல ஆண்டுகளைச் செலவழித்திருந்தது. ஊபர் அந்தப் பந்தயத்தில் தாமதமாக இறங்கிய ஆள்.

யார் எப்போது எதைத் திறந்தார் என்று சர்வர் தானாகக் குறித்து வைக்கும் பதிவுகளை, அதாவது லாக்குகளை, கிளறியபோது இன்னொரு கதை வந்தது. வேமோ தன் மனுவில் சொன்னபடி, திட்டத்தின் முக்கியப் பொறியாளர்களில் ஒருவரான ஆண்டனி லெவண்டோவ்ஸ்கி 2015 டிசம்பரில் 14,000-க்கும் மேற்பட்ட கோப்புகளை, மொத்தம் 9.7 ஜிபி, டவுன்லோடு செய்திருந்தார். லேப்டாப்பில் மெமரி கார்டு ரீடர் ஒன்று செருகப்பட்டிருந்தது. பிறகு லேப்டாப் மொத்தமாகத் துடைக்கப்பட்டது. அடுத்த மாதமே வேலையை விட்டார்; ஓட்டோ என்று ஓர் ஓட்டுநரில்லா லாரி கம்பெனி தொடங்கினார்; 2016 ஆகஸ்டில் ஊபர் அதை வாங்குவதாக அறிவித்தது. விலை சுமார் 68 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. 2017 பிப்ரவரியில் வேமோ வழக்குப் போட்டது.

ஓராண்டு இழுத்த அந்த வழக்கு, 2018 பிப்ரவரியில் விசாரணை தொடங்கிய அதே வாரத்தில் சமரசத்தில் முடிந்தது. ஊபர் தன் பங்குகளில் 0.34 சதவீதத்தை வேமோவுக்குக் கொடுத்தது, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 24.5 கோடி டாலர். திருடியதாக ஊபர் ஒப்புக்கொள்ளவில்லை. லெவண்டோவ்ஸ்கி மீது தனியாகக் குற்ற வழக்கு வந்தது: 2019 ஆகஸ்டில் 33 குற்றச்சாட்டுகள். 2020 மார்ச்சில் அவற்றில் ஒன்றே ஒன்றை ஒப்புக்கொண்டார்.

அந்த ஒன்று எது என்பதுதான் எனக்கு இந்த வழக்கிலேயே சுவாரசியமான இடம். லேசர் வரைபடமும் இல்லை, சர்க்யூட் போர்டும் இல்லை. அது ஒரு வாராந்திரக் கணக்குத் தாள். அணியின் காலாண்டு இலக்குகள், இந்த வாரம் எவ்வளவு முன்னேறினோம், எந்தெந்தத் தொழில்நுட்பச் சிக்கலில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம், முன்பு மாட்டியவற்றிலிருந்து எப்படி வெளியே வந்தோம். எந்த ஆபீஸிலும் திங்கள்கிழமை மீட்டிங்கில் திரையில் ஓடுமே, அந்த மாதிரித் தாள்.

தொழில் ரகசியம் என்றதும் பூட்டிய பெட்டகத்துக்குள் இருக்கும் சூத்திரம்தான் நம் நினைவுக்கு வருகிறது. நிஜத்தில் அதிக மதிப்புள்ளது பெரும்பாலும் இப்படிப்பட்ட சலிப்பூட்டும் தாள்தான். ஒரு பேட்டரியின் மின்முனைப் பூச்சுக்கு நாற்பது கலவைகளைச் செய்து பார்த்து முப்பத்தொன்பது தோற்றுப்போயின என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்த கலவை கடைக்கு வந்ததும் யாராவது பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். தோற்ற முப்பத்தொன்பதையும் எந்தப் பொருளைப் பிரித்தும் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பாதை முட்டுச்சந்து என்று முன்கூட்டியே தெரிந்தவன் இரண்டு வருடத்தை மிச்சப்படுத்துவான். போட்டி நிறுவனம் ஆள் எடுக்கும்போது உண்மையில் விலை பேசுவது அந்த இரண்டு வருடத்துக்குத்தான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ், பிரிவு 39-ல், மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது. தகவல் அந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும். ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு ஒரு வணிக மதிப்பு இருக்க வேண்டும். அதை ரகசியமாக வைத்திருக்க உரிமையாளர் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். பல நாடுகளின் சட்டங்கள் ஏறக்குறைய இதே மூன்றின் மேல்தான் நிற்கின்றன. மூன்றாவதில்தான் பல நிறுவனங்கள் வழுக்கி விழுகின்றன. எல்லா ஊழியர்களும் திறக்கக்கூடிய பொது டிரைவில் போட்டுவிட்டு, ஒருவர் எடுத்துப் போன பிறகு 'ஐயோ, ரகசியம்' என்று கத்தினால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, 'நீங்கள் என்ன பூட்டுப் போட்டிருந்தீர்கள்?'

காப்புரிமையோடு ஒப்பிட்டால் இதன் விசித்திரம் புரியும். காப்புரிமை வேண்டுமென்றால் கண்டுபிடிப்பை ஊரறிய விளக்கி எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு இருபது ஆண்டு ஏகபோகம். ரகசியத்துக்குப் பதிவும் இல்லை, காலாவதியும் இல்லை. ஆனால் வேறொருவர் தானாகவே கண்டுபிடித்தாலோ, கடையில் வாங்கிப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாலோ ஒன்றும் செய்ய முடியாது. சட்டம் பாதுகாப்பது தகவலை அல்ல என்றே சொல்லலாம். அது போன வழியைத்தான் சட்டம் கேள்வி கேட்கிறது.

ஆகப் பழைய வழி மனிதத் தலை. 1789-ல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இருபத்தொரு வயது இங்கிலாந்து இளைஞர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரம் ஓடிய ஆலையில் தொழில் கற்றவர். அன்றைய பிரிட்டிஷ் சட்டம் ஜவுளி இயந்திரங்களும் அவற்றின் வரைபடங்களும் வெளியே போவதைத் தடுத்தது. அந்தத் தொழில் தெரிந்தவர்கள் வெளிநாடு போவதையும் தடுத்தது. ஸ்லேட்டர் விவசாயக் கூலியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார். கையில் ஒரு வரைபடம்கூடக் கிடையாது. 1790 முடிவதற்குள் ரோட் ஐலண்டின் பாடக்கெட்டில் நீர்விசையில் ஓடும் நூற்பாலையை நினைவிலிருந்தே எழுப்பிவிட்டார். சொந்த ஊர்க்காரர்கள் அவரைத் துரோகி என்றார்கள்; அமெரிக்காவில் தொழிற்புரட்சியின் தந்தை என்று பெயர் வாங்கினார். அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வெனிஸ் அரசு தன் கண்ணாடித் தொழிலை முரானோ தீவுக்கு மாற்றியிருந்தது. பின்னாளில் அங்கிருந்த கைவினைஞர்கள் நாட்டை விட்டு வெளியேறவே தடை இருந்தது.

தொழிலாளியின் உடலையே பூட்டி வைப்பதுதான் அந்தக் காலத்து ரகசியச் சட்டம். இன்று அப்படிச் செய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016-ஆம் ஆண்டு வணிக ரகசிய வழிகாட்டுச் சட்டம், ஊழியர் தன் வேலையில் நேர்மையாகப் பெற்ற அனுபவத்தையும் திறமையையும் பயன்படுத்துவதை இந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து வருடம் ஒரே சிப் வடிவமைப்பில் உழைத்த ஒருவரின் தலைக்குள் 'என் திறமை' எங்கே முடிகிறது, 'கம்பெனி ரகசியம்' எங்கே தொடங்குகிறது? அவருக்கே தெரியாது. 2008-ல் ஒஹையோ மாநில உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் பட்டியலைக் காகிதத்தில் எடுத்துப் போனாலும் ஒன்றுதான், மனப்பாடமாக எடுத்துப் போனாலும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொன்னது. கொள்கையாகச் சரி. நிரூபிப்பதுதான் கஷ்டம்.

அதனால் ஒரு முரண் உருவாகியிருக்கிறது. நிறுவனங்கள் உண்மையில் பயப்படுவது தலையைப் பார்த்து. நீதிமன்றத்தில் வெல்வதோ பெரும்பாலும் கோப்பைக் காட்டி. நினைவுக்கு லாக் கிடையாது. பென் டிரைவுக்கு உண்டு.

கடைசி இரண்டு வாரம்

இந்த வழக்குகளின் ஆவணங்களைப் படித்துக்கொண்டே போனால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பது போல் இருக்கும். ராஜினாமாவுக்கு முந்தைய நாட்கள். வழக்கத்தை விட அதிக டவுன்லோடு. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத போல்டர்களில் நடமாட்டம். நள்ளிரவில் ஒரு லாகின். அப்புறம் துடைப்பு வேலை. மாட்டிவிடுவது பெரும்பாலும் அந்தத் துடைப்புதான். பத்துக் கோப்புகளை எடுத்தவர் மறதியாக எடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். எடுத்த தடத்தையும் அழித்தவர் அப்படிச் சொல்ல முடியாது.

2025 ஆகஸ்டில் ஆப்பிள், ஓப்போவுக்குப் போன தன் முன்னாள் ஊழியர் ஒருவர் மீதும் ஓப்போ மீதும் வழக்குத் தொடுத்தது. அவர் ஆப்பிள் வாட்சின் சென்சார் பக்கத்தில் வேலை பார்த்தவர். கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு 63 ஆவணங்களை இறக்கிக்கொண்டார் என்பது ஆப்பிளின் குற்றச்சாட்டு. அதைவிட மனதில் நிற்பது, அலுவலக லேப்டாப்பில் அவர் தேடியதாக மனுவில் இருக்கும் இரண்டு கேள்விகள்: மேக்புக்கை எப்படித் துடைப்பது, பகிரப்பட்ட டிரைவில் நான் ஒரு கோப்பைத் திறந்தால் அது மற்றவர்களுக்குத் தெரியுமா. தெரியும் என்பதற்கு அந்த மனுவே சாட்சி. ஓப்போ குற்றச்சாட்டை மறுத்தது.

கொஞ்சம் கவனமாக இருப்பவர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். கூகுளின் செயற்கை நுண்ணறிவு சிப்கள் பற்றிய ரகசியங்களை எடுத்ததாக ஒரு மென்பொருள் பொறியாளர் மீது 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு வழக்குப் பதிந்தது. குற்றப்பத்திரிகைப்படி, அவர் கோப்புகளை நேரடியாகக் காப்பி செய்யவில்லை. அவற்றில் இருந்ததை அலுவலக மேக்புக்கின் நோட்ஸ் செயலியில் ஒட்டினார். அதை பிடிஎப் ஆக்கினார். அதன் பிறகே தன் சொந்தக் கணக்கில் ஏற்றினார். கண்காணிப்பு மென்பொருள் கோப்பு நகர்வதைத்தான் பார்க்கும். எழுத்து நகர்வதைப் பார்க்காது என்ற கணக்கு. அவர் சீனாவில் இருந்த நாட்களில் அமெரிக்க அலுவலக வாசலில் அவருடைய அடையாள அட்டையை வேறொரு ஊழியர் தேய்த்துக்கொண்டிருந்தார் என்றும் அதில் இருக்கிறது.

தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியில் 2025-ல் வெடித்த விவகாரத்தில் அதுகூட இல்லை. 2 நானோமீட்டர் என்ற புதிய தலைமுறைச் சிப் தொழில்நுட்பம் பற்றிய உள்விவரங்களைப் படம் பிடித்தார்கள் என்பதுதான் அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. மையத்தில் இருந்தவர், டிஎஸ்எம்சியை விட்டு டோக்கியோ எலக்ட்ரான் என்ற, சிப் ஆலைகளுக்குக் கருவி செய்யும் நிறுவனத்துக்குப் போன முன்னாள் ஊழியர். உள்ளே இருந்த பழைய சகாக்களிடம் கேட்டு வாங்கினார் என்கிறார்கள். கவனியுங்கள், இது போட்டி நிறுவனம்கூட இல்லை, கருவி விற்கும் நிறுவனம். ஆனால் டிஎஸ்எம்சியின் அடுத்த வரிசை ஆலைக்குள் தன் கருவி நுழைய வேண்டும் என்றால், உள்ளே என்ன அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதுமே.

பொறி வைத்துப் பிடித்த கதையும் உண்டு. ரிப்ளிங், டீல் இரண்டும் நிறுவனங்களுக்குச் சம்பள, ஊழியர் மேலாண்மை மென்பொருள் விற்கும் கம்பெனிகள். ஒன்றுக்கொன்று நேரடிப் போட்டி. தங்களுக்குள் ஓர் உளவாளி இருப்பதாகச் சந்தேகப்பட்ட ரிப்ளிங், டீலின் மேல்மட்டத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அதில், ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் யாருமே பயன்படுத்தாத ஒரு சேனலின் பெயரைப் போட்டு, உங்களைப் பற்றிய சங்கடமான விஷயங்கள் அங்கே ஓடுகின்றன என்ற தொனியில் எழுதியது. சில மணி நேரத்துக்குள் அயர்லாந்து அலுவலகத்தில் ஓர் ஊழியர் அந்தச் சேனலைத் தேடினார் என்கிறது 2025 மார்ச்சில் போட்ட வழக்கு மனு. கைப்பேசியை ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவோடு ஆள் வந்தபோது அவர் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். பின்னர் தன் வாக்குமூலத்தில், போனைக் கோடரியால் உடைத்ததாக அவரே சொன்னார். டீல் தவறேதும் செய்யவில்லை என்று மறுக்கிறது. இந்த வழக்கில் ஊழியர் போட்டியாளரிடம் தாவவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டே அங்கே வேலை பார்த்தார் என்பதுதான் புகார். வகை வேறு, சரக்கு ஒன்று.

எல்லோரும் திருடர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செர்கே அலேனிகோவ் வழக்கு எனக்கு இன்னும் உறுத்துகிறது. கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியில், பங்குகளை அதிவேகமாக வாங்கி விற்கும் மென்பொருள் எழுதியவர். 2009 ஜூனில், கடைசி வேலை நாளன்று, மூலநிரலின் ஒரு பகுதியை ஜெர்மனியில் இருந்த சர்வருக்கு ஏற்றினார். தான் கொடுத்த கட்டளைகளின் வரலாற்றை அழித்தார். புதிதாகத் தொடங்கிய டெசா என்ற நிறுவனத்தில் சேர இருந்தார். அடுத்த மாதம் விமான நிலையத்தில் கைது. அந்த நிரலில் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் பகுதிகளும் கலந்திருந்தன. அவற்றைத்தான் எடுக்க நினைத்தேன் என்றார். எட்டு ஆண்டுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை விழுந்தது. ஓராண்டை நெருங்கும் அளவுக்கு உள்ளே இருந்த பிறகு, 2012 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையைத் தூக்கி எறிந்தது. நிரல் என்பது அந்தச் சட்டம் சொல்லும் 'சரக்கு' ஆகாது, அது விற்பனைக்காகச் செய்யப்பட்டதும் அல்ல என்பது காரணம். அதே ஆண்டு டிசம்பருக்குள் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அவர் மீது நியூயார்க் மாநிலம் தனியாக இன்னொரு வழக்குப் போட்டது. அது 2018 வரை ஓடியது.

இதில் ஒரு மனநிலை இருக்கிறது. மென்பொருள் எழுதும் யாரைக் கேட்டாலும் தெரியும்: மூன்று வருடம் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியதை 'என்னுடையது' என்று நினைக்காமல் இருப்பது கடினம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கிளம்பும்போது ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வது, வீட்டைக் காலி செய்யும்போது பழைய ஆல்பத்தை எடுத்துக்கொள்வது போலத்தான் தோன்றும். சட்டத்துக்கு அந்த ஆல்பம் வீட்டுக்காரருடையது.

ஆள் எடுப்பவர்கள்

போகும் ஊழியரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான். வாசலைத் திறந்து வைத்திருப்பவர் இன்னொருவர்.

எல்ஜி கெமும் எஸ்கே இன்னோவேஷனும் தென்கொரியாவின் மின்கார் பேட்டரி நிறுவனங்கள். 2019 ஏப்ரலில் எல்ஜி அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தது. தன்னிடமிருந்து 70-க்கும் மேற்பட்டவர்களை எஸ்கே இழுத்துக்கொண்டது, அவர்களோடு ரகசியங்களும் போயின என்பது புகார். ஒருவர் போனால் அனுபவம் போனது எனலாம். ஆராய்ச்சி, உற்பத்தி, தரம், கொள்முதல் என்று வரிசையாக ஆள் போனால்? ஒவ்வொருவரும் தன் தலையில் இருந்த துண்டை மட்டுமே எடுத்துப் போயிருக்கலாம். அங்கே எல்லாத் துண்டையும் சேர்த்து வைத்தால் முழுப் படம் வந்துவிடும்.

அந்த வாதம் எந்த அளவுக்கு நிற்கும் என்று முழுதாகப் பரிசோதிக்கவே வாய்ப்பு வரவில்லை. வழக்கு வரப்போகிறது என்று தெரிந்த பின்னும் எஸ்கே ஆவணங்களை அழித்தது என்று ஆணையம் கண்டது. அதற்குத் தண்டனையாகவே எல்ஜி பக்கம் தீர்ப்பானது. 2021 பிப்ரவரியில் எஸ்கே பேட்டரிகளை அமெரிக்காவுக்குள் கொண்டுவர 10 ஆண்டுத் தடை. ஃபோர்டுக்கு 4 ஆண்டு, ஃபோக்ஸ்வேகனுக்கு 2 ஆண்டு மட்டும் சலுகை. எஸ்கே அப்போது ஜார்ஜியா மாநிலத்தில் பெரிய ஆலை கட்டிக்கொண்டிருந்தது. தடையை ரத்து செய்ய அமெரிக்க அதிபருக்கு இருந்த அவகாசம் முடியும் தறுவாயில், ஏப்ரல் 11 அன்று, இரண்டு நிறுவனங்களும் கைகுலுக்கின: எஸ்கே கொடுக்க வேண்டியது 2 லட்சம் கோடி வான், அதாவது சுமார் 180 கோடி டாலர். இங்கேயும் கவிழ்த்தது துடைப்பு வேலைதான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் இருக்கிறது, தொழில்நுட்பத் துறையில் இல்லை என்றாலும். 2006-ல் பெப்சிக்கு ஒரு கடிதம் வந்தது: கோக கோலாவின் ரகசியங்கள் இருக்கின்றன, வேண்டுமா? பெப்சி அதை அப்படியே கோக்கிடம் கொடுத்துவிட்டது. எஃப்பிஐ வந்தது. ஆவணங்களையும் புதிய பானத்தின் மாதிரியையும் எடுத்துக் கொடுத்த, கோக் அதிகாரி ஒருவரின் அலுவலக உதவியாளருக்கு எட்டு ஆண்டு சிறை. பெப்சியின் நேர்மைக்குப் பின்னால் கணக்கும் இருந்திருக்கும். அடுத்தவர் ரகசியம் உங்கள் பொருளுக்குள் கலந்துவிட்டால், அப்புறம் அந்தப் பொருளை விற்க விடாமல் தடுக்க அவர்களால் முடியும். வேறொரு வீட்டுச் செங்கல்லை வைத்து அடித்தளம் போட்டது போல.

அதனால்தான் பெரிய நிறுவனங்களில் புதிதாகச் சேருபவரிடம் 'பழைய இடத்திலிருந்து எதையும் கொண்டுவரவில்லை' என்று கையெழுத்து வாங்குகிறார்கள். சில இடங்களில் முதல் சில மாதங்கள் நேரடிப் போட்டியான வேலையில் உட்கார வைப்பதில்லை. இது ஊழியரைக் காப்பாற்ற என்று மனிதவளத் துறை சொல்லும். கம்பெனியைக் காப்பாற்றத்தான். ஆனால் ஊழியருக்கும் அதில் பலன் உண்டு என்பது பொய் இல்லை.

காகிதம் இல்லாத வழக்கு

சரி, ஒரு கோப்பும் இல்லாமல் தலையை மட்டும் எடுத்துப் போனால்?

லியாங் மோங்-சோங் டிஎஸ்எம்சியின் மூத்த ஆராய்ச்சியாளர். 2009-ல் வெளியேறினார். தென்கொரியாவில் சுங்யுன்குவான் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் சாம்சங்குக்கும் நெருங்கிய உறவு. 2011-ல் வெளிப்படையாகவே சாம்சங்கில் சேர்ந்தார். டிஎஸ்எம்சியோடு அவர் போட்ட ஒப்பந்தத்தின் இரண்டாண்டுப் போட்டித் தடை அதற்குள் முடிந்துவிட்டது. பென் டிரைவ் கதை எதுவும் இல்லை. டிஎஸ்எம்சி காட்டியது ஒப்பீட்டை: முன்பு வேறு வேறாக இருந்த இரு நிறுவனங்களின் டிரான்சிஸ்டர் அமைப்புகள் தலைமுறைக்குத் தலைமுறை நெருங்கி வருகின்றன என்று. 2015-ல் தைவான் உச்ச நீதிமன்றம் டிஎஸ்எம்சி பக்கம் நின்றது. அந்த ஆண்டு முடியும் வரை அவர் சாம்சங்கில் வேலை பார்க்கக் கூடாது என்றது. அதற்குள் சாம்சங் 14 நானோமீட்டர் சிப்களைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. 2017-ல் அவர் சீனாவின் சிப் நிறுவனமான எஸ்எம்ஐசிக்கு இணைத் தலைமைச் செயல் அதிகாரியாகப் போனார். ஒரு தலை, மூன்று நாடு.

இப்படிப்பட்டதைத் தடுக்க நிறுவனங்கள் நம்புவது போட்டித் தடை ஒப்பந்தத்தை: விலகினால் இத்தனை காலம் போட்டியாளரிடம் சேரக் கூடாது. இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. டேவிட் டட்லி ஃபீல்டு என்ற வழக்கறிஞர் நியூயார்க்குக்காக ஒரு குடிமைச் சட்ட வரைவு எழுதினார். ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற பிரிவு அதில் இருந்தது. நியூயார்க் அந்த வரைவை ஏற்கவே இல்லை. ஆனால் 1872-ல் கலிபோர்னியா எடுத்துக்கொண்டது. அதே 1872-ல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் அதே வரைவிலிருந்து வந்ததுதான். வேலையை விட்ட பிறகான போட்டித் தடை இரண்டு இடத்திலும் இன்று வரை பொதுவாகச் செல்லாது.

கலிபோர்னியாவுக்கு அது லாபமா நட்டமா? 1957-ல் எட்டுப் பேர், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லியின் ஆய்வகத்தை விட்டுக் கூட்டாக வெளியேறி ஃபேர்சைல்டு என்ற சிப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கிருந்து பிரிந்தவர்கள் 1968-ல் இன்டெல் தொடங்கினார்கள். போட்டித் தடை இல்லாததுதான் சிலிக்கான் பள்ளத்தாக்கின் எருவானது, மாசசூசெட்ஸின் கணினித் தொழில் பின்தங்கியதற்கும் அது ஒரு காரணம் என்று சட்டப் பேராசிரியர் ரொனால்டு கில்சன் 1999-ல் வாதிட்டார். முழுக் காரணமும் அதுதான் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஆள் கசிந்த ஊரில்தான் தொழில் செழித்தது என்பதை மறுப்பதும் கஷ்டம்.

அதே ஊரில் நிறுவனங்கள் பின்வாசல் பூட்டு ஒன்றையும் போட்டிருந்தன. ஒருவர் ஆளை மற்றவர் கூப்பிடுவதில்லை என்று ரகசியமாகப் பேசி வைத்திருந்தார்கள். 2007-ல் கூகுளின் ஆள்சேர்ப்பாளர் ஒருவர் ஆப்பிள் பொறியாளரைத் தொடர்புகொண்டது ஸ்டீவ் ஜாப்ஸ் காதுக்குப் போனது. அவர் அன்றைய கூகுள் தலைமைச் செயல் அதிகாரி எரிக் ஷ்மிட்டுக்கு எழுதினார். ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்குவதாகக் கூகுளில் இருந்து பதில் வந்தது. ஜாப்ஸ் திருப்பி அனுப்பியது ஒரே ஒரு சிரிப்புக் குறி. 2010-ல் அமெரிக்க நீதித் துறை ஆறு நிறுவனங்களின் மேல் நடவடிக்கை எடுத்தது. பிறகு ஏறக்குறைய 64,000 ஊழியர்கள் சார்பாக நடந்த வழக்கில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி நான்கும் சேர்ந்து 41.5 கோடி டாலர் கட்டின. ரகசியம் காக்க வேண்டும் என்ற வாதம் எப்போது சம்பளத்தை ஏறவிடாமல் வைக்கும் தந்திரமாக மாறுகிறது என்று கேட்பவர்களுக்கு அந்தச் சிரிப்புக் குறி போதும்.

இப்போது இதில் அரசுகளும் இறங்கிவிட்டன. தைவான் 2022-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, முக்கியத் தொழில்நுட்ப ரகசியங்களை வெளிநாட்டுக்குக் கடத்தினால் 12 ஆண்டு வரை சிறை என்றது. அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரண ரகசியத் திருட்டுக்கு 10 ஆண்டு வரை. வெளிநாட்டு அரசுக்கு ஆதாயமாகச் செய்தால் 15 வரை. நேற்று வரை முதலாளிக்கும் வேலைக்காரருக்கும் இடையிலான சண்டை, இன்று உளவு வழக்கு. செயற்கை நுண்ணறிவு ஆய்வகங்களில் இது இன்னும் கூர்மையாகும். ஒரு பெரிய மாடலைப் பயிற்றுவித்தபோது எந்தத் தரவுக் கலவை வேலை செய்யவில்லை, எந்த இடத்தில் பயிற்சி சரிந்தது என்பதெல்லாம் சில நூறு பேரின் நினைவில் இருக்கிறது. ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2025 செப்டம்பரில் ஈலான் மஸ்க் தொடங்கிய செயற்கை நுண்ணறிவு நிறுவனமான எக்ஸ்ஏஐ, தன் ஊழியர்களை இழுத்து ரகசியங்களைப் பெற்றதாக ஓப்பன்ஏஐ மேல் வழக்குப் போட்டபோது, ஓப்பன்ஏஐ அதை மறுத்தது.

லெவண்டோவ்ஸ்கிக்கு வருவோம். 2020 ஆகஸ்டில் நீதிபதி வில்லியம் ஆல்சப் அவருக்கு 18 மாதச் சிறை விதித்தார். தான் பார்த்ததிலேயே மிகப் பெரிய தொழில் ரகசியக் குற்றம் இது என்றார். வீட்டுக் காவலோடு விட்டால் வருங்காலத்தின் ஒவ்வொரு கெட்டிக்காரப் பொறியாளருக்கும் பச்சைக் கொடி காட்டியது போலாகிவிடும் என்றார். இன்னொரு கட்டளையும் போட்டார்: 'நான் ஏன் சிறைக்குப் போனேன்' என்ற தலைப்பில் அவர் பொது மேடையில் பேச வேண்டும். கோவிட் காலம் என்பதால் சிறை செல்வது தள்ளிவைக்கப்பட்டது. 2021 ஜனவரியில், பதவியின் கடைசி மணி நேரங்களில், டொனால்டு டிரம்ப் அவரை மன்னித்தார். ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. அந்த உரையை நிகழ்த்த வேண்டிய அவசியமும் வரவில்லை.